மேலூருக்குத் தேவை இன்னொரு முகாம் அல்ல

பிளஸ் டூ முடிவு வரும் பருவத்தில் ஊருக்கு ஊர் வழிகாட்டி முகாம் நடக்கிறது. ஷாமியானா, மைக், பொன்னாடை. பேச வந்தவர் மாலையே பஸ் ஏறிவிடுவார். கல்லூரியில் சேர்ந்த பையன் முதல் செமஸ்டரில் மூன்று அரியர் வைத்து, படிப்பை விடலாமா என்று தவிக்கும்போது கேட்க ஆள் இருக்காது.

மேலூருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி உள்ளூரிலேயே உண்டு. பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனுக்குப் பொதுவாழ்வில் துணைநின்றவர் மதுரை வழக்கறிஞர் வைத்தியநாத ஐயர். 1939 ஜூலை 8 அன்று, தலித்துகளுக்கு மூடப்பட்டிருந்த மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஐயர் அழைத்துச் சென்ற குழுவில் கக்கனும் இருந்தார். பின்னாளில் கக்கன் மக்களவை உறுப்பினராகவும் மாநில உள்துறை அமைச்சராகவும் ஆனது சொந்த உழைப்பால்தான். ஆனால் 1955-இல் ஐயர் மறையும்வரை அந்த உறவு அறுபடவில்லை.

காலம்தான் இதில் கணக்கு. அமெரிக்காவில் 1904-இல் வேர்விட்ட, சிறாருக்கு ஆளுக்கொரு பெரியவரை வழிகாட்டியாகத் தரும் ‘பிக் பிரதர்ஸ்’ இயக்கத்தைப் பற்றி 1995-இல் ஓர் ஆய்வு வந்தது. வழிகாட்டி கிடைத்த சிறார் பள்ளிக்கு மட்டம் போடுவது, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. அதே தரவுகளை 2002-இல் ஆய்வாளர்கள் கிராஸ்மனும் ரோட்ஸும் மறுபடி அலசினார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடச் சரிந்திருந்தது. பாதியில் கைவிடுபவர் வராமலே இருந்திருக்கலாம்.

2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம், பாடம் சொல்லித்தரத் தெருவிலேயே தன்னார்வலர் கிடைப்பார் என்று காட்டியது. அது எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. மேலூர் தன் வழிகாட்டித் திட்டத்தை ஒன்பதாம் வகுப்பில் ஆரம்பித்துக் கல்லூரி முதலாண்டு வரை தொடரட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், மேலூர் அரசு கலைக் கல்லூரியின் மூத்த மாணவர் என ஆளுக்கு ஒரு பிள்ளை. முதல் ஆண்டு இருபது ஜோடி போதும்.

சந்திப்பு நூலகத்திலோ பள்ளியிலோ நடக்க வேண்டும், யார் வீட்டிலும் கூடாது. பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வழிகாட்டியின் பின்னணியைப் போலீஸ் வழியாகச் சரிபார்க்க வேண்டும். அவரவர் சமூகத்துப் பிள்ளையை அவரவர் எடுத்துக்கொள்வதை மட்டும் தொடக்கத்திலேயே தடுத்துவிட வேண்டும்; இங்கே அது தானாக நடந்துவிடும்.

மாதாமாதம் இரு தரப்பையும் விசாரித்து, ஜோடி உடையாமல் பார்த்துக்கொள்ள ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். இந்த வேலையைச் சேவை என்று சொல்லி யார் தலையிலும் கட்டக்கூடாது. சம்பளம் தர வேண்டும். வர்த்தகர்களும் சங்கங்களும் ஷாமியானாவுக்கும் பொன்னாடைக்கும் கொடுக்கும் நன்கொடையை இதற்குத் திருப்பிவிடலாம்.