ஆரஞ்சுக் கூம்புக்குப் பட்ட கடன்

2022 பிப்ரவரி தொடங்கிப் பல மாதங்கள், இந்தியாவில் பெரும்பாலான இணைய இணைப்புகளில் வீடியோலான் தளம் திறக்கவில்லை. விஎல்சி பிளேயரை உருவாக்கி இலவசமாகத் தரும் அமைப்பின் தளம் அது. எதற்காகத் தடுக்கிறோம் என்று அந்த அமைப்புக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனின் துணையோடு அக்டோபரில் அரசுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. நவம்பரில் தடை விலகியது. நாட்டில் இதைப் பற்றிப் பெரிய பேச்சே எழவில்லை. எனக்கு ஆறவில்லை.

ஆறாததற்குக் காரணம் உண்டு. பர்மா பஜாரில் வாங்கிய விசிடிக்குள் இருந்த டாட் கோப்பு, வீடியோக்காரர் கொடுத்த கல்யாண டிவிடி, பழைய நோக்கியா கைபேசியில் எடுத்த 3ஜிபி படம், நண்பர் பென்டிரைவில் கொண்டுவந்த எம்கேவி என்று இந்த ஊரில் படம் பார்த்தவர்களின் கைக்கு வந்த எதையும் திறந்தது விஎல்சியின் அடையாளமான அந்த ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்புதான். மற்ற பிளேயர்கள் ‘கோடெக் இல்லை’ என்று கைவிரித்த நேரத்திலெல்லாம் யாராவது ஒருவர் “விஎல்சியில போட்டுப் பாருங்க” என்பார். போட்டால் ஓடும். ஏன் ஓடுகிறது என்று கேட்டவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறேன். அது தொழில்நுட்பத்தில் பாதியும் சட்டத்தில் பாதியுமாக இருக்கிறது.

கதை 1996இல் பாரீஸ் அருகே எகோல் சாந்த்ரால் கல்லூரி வளாகத்தில் தொடங்குகிறது. விடுதி மாணவர்களுக்கு வேகமான நெட்வொர்க் வேண்டும். வீடியோ கேம் ஆட வேண்டும் என்பது உண்மைக் காரணம்; அதைச் சொல்லிப் பணம் கேட்க முடியாது. அதனால் வேறொரு யோசனையை முன்வைத்தார்கள். விடுதி முழுக்கத் தனித்தனி டிஷ் ஆன்டெனாவும் பெட்டியும் வைப்பதற்குப் பதில், ஒரே ஆன்டெனாவில் வாங்கும் தொலைக்காட்சியை நெட்வொர்க் வழியாக எல்லா அறைக்கும் அனுப்பலாம் என்றார்கள். அனுப்ப ஒரு மென்பொருள், வாங்கிக் காட்ட ஒரு மென்பொருள். அந்த இரண்டாவதுதான் விஎல்சி. 2001 பிப்ரவரி 1 அன்று கல்லூரி அதை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட ஒப்புக்கொண்டது. அந்த மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம்; ஆனால் வாங்குகிறவருக்கும் அதே உரிமைகளைக் கொடுத்தாக வேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய அந்த உரிமத்தின் சாரம் இதுதான்.

மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் எல்லாக் கோப்பும் ஓடிவிடாது. படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் கோடெக்குகளின் மீது காப்புரிமைகள் இருந்தன. எம்பெக்-2 படத்தைக் காட்டும் ஒவ்வொரு கருவிக்கும் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது டிவிடி பார்க்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் அடிப்படைப் பதிப்பிலிருந்தே எடுத்துவிட்டது. இந்தக் கட்டணச் சுமை அதற்கு முக்கியக் காரணம். அதே ஆண்டு, கையளவு ராஸ்பெரி பை கணினியில் எம்பெக்-2 ஓட வேண்டுமானால் 2.40 பவுண்டு கொடுத்துத் தனியாக ஒரு சாவி வாங்க வேண்டியிருந்தது. விஎல்சிக்கு இந்தத் தொல்லை இல்லாமல் போனது அது பிரான்சில் பிறந்ததால். மென்பொருளை மென்பொருள் என்ற அளவில் மட்டும் காப்புரிமைக்கு உரியதாக ஐரோப்பியச் சட்டம் ஏற்பதில்லை. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. அந்தப் பிரிவை நீர்க்கச் செய்ய முயற்சி வரும்போதெல்லாம் நம் ஊர் நிரலாளர்கள் எதிர்த்திருக்கிறார்கள். அவர்களுக்குத் திரைப்பட ரசிகர்களும் துணை நிற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நம் வீட்டுக் கணினியில் எந்தப் படம் ஓடும் என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பிரிவு தீர்மானிக்கிறது.

ஒலிக் கோப்புகளின் கதை இன்னும் கூர்மையானது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் உருவான எம்பி3 இல்லாமல், ஒரே வட்டில் நூற்றைம்பது இளையராஜா பாட்டு என்ற அதிசயம் நமக்கு வாய்த்திருக்காது. அந்த ஆய்வாளர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் 1998இல், இலவசமாக எம்பி3 கோப்பு உருவாக்கும் மென்பொருள்களை எழுதியவர்களுக்குக் கட்டணம் கேட்டுக் கடிதம் போனது. பொழுதுபோக்காக எழுதி இலவசமாகக் கொடுப்பவர் எங்கிருந்து கட்டுவார்? அந்தக் கடிதத்தின் சூட்டில் கிறிஸ் மான்ட்கமரி வேகம் கூட்டி உருவாக்கியதுதான் ஆக் வார்பிஸ். காப்புரிமைக் கட்டணம் எதுவும் இல்லாத ஒலிவடிவம். 2002இல் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. அதே ஆண்டு ரெட் ஹாட் லினக்ஸ் 8 எம்பி3 ஆதரவையே நீக்கிவிட்டு வெளிவந்தது.

வார்பிஸ் சந்தையில் தோற்றது என்பார்கள். கடையில் விற்ற பாக்கெட் பிளேயர்களில் பெரும்பாலானவை அதைக் கண்டுகொள்ளவில்லை என்பது உண்மைதான். எம்பி3 உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்துவிட்டது, இன்று அது யாருக்கும் கட்டணம் இல்லாத வடிவம் என்பதும் உண்மை. ஆனால் தோற்றவர் வேலை வீணாகவில்லை. வார்பிஸை வளர்த்த ஸிஃப் அமைப்பின் அனுபவமும் ஸ்கைப்பின் தொழில்நுட்பமும் கலந்து ஓபஸ் என்ற வடிவம் பிறந்தது. 2012 செப்டம்பரில் அது இணையப் பொதுத்தரம் ஆனது. பெரியம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பும் குரல் செய்தியைச் சேமித்துப் பாருங்கள். ஆக் பெட்டிக்குள் ஓபஸ் ஒலி. காப்புரிமைக்குப் பணியாமல் வேறு பாதை போட்டவர்களின் உழைப்பில்தான் அந்தக் குரல் கிராமத்துச் சிக்னலிலும் தெளிவாக வந்து சேர்கிறது. நாளைக்கு வாட்ஸ்அப்பே இல்லாமல் போனாலும், சேமித்து வைத்த அந்தக் கோப்பைத் திறக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கட்டற்ற மென்பொருள் உலகத்துக்குள்ளேயே எனக்கு மிகவும் பிடித்த சண்டை ஒன்று உண்டு. 2010இல் விஎல்சி ஐஃபோனுக்கும் ஐபேடுக்கும் வந்தது. விரைவிலேயே, விஎல்சியை நெடுங்காலம் எழுதியவர்களில் ஒருவரான ரெமி டெனி-கூர்மோன் எதிர்ப்புத் தெரிவித்தார். ஆப் ஸ்டோரின் விதிகள் பயனரின் கையைக் கட்டுகின்றன. ஜிபிஎல் அப்படிக் கட்டக்கூடாது என்கிறது. என் நிரலை இந்த நிபந்தனையோடு விநியோகிக்க நான் உரிமை தரவில்லை என்றார். 2011 ஜனவரியில் ஆப்பிள் அதை நீக்கியது. பயனர்கள் கொதித்தார்கள். இலவசமாகக் கிடைத்த நல்ல பிளேயரை ஒரு பிடிவாதக்காரர் பறித்துவிட்டார் என்று திட்டினார்கள்.

திட்டியவர்கள் எழுதியவரின் இடத்தில் நின்று பார்க்கவில்லை. காசு வாங்காமல் எழுதித் தருகிறவர் கேட்கும் ஒரே விலை அந்த உரிமத்தின் சொற்கள்தான். அதை மீறலாம் என்றால் அவருக்கு நாம் எதையுமே தரவில்லை.

அதற்குப் பிறகு, விஎல்சியை முன்னின்று வளர்த்த ஷான்-பத்தீஸ்த் கெம்ஃப் செய்ததைப் பார்க்க வேண்டும். விஎல்சியின் உள்ளே இருக்கும் எஞ்சினை ஜிபிஎல்லிலிருந்து சற்றுத் தளர்வான எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற அவர் முனைந்தார். எஞ்சினில் செய்யும் திருத்தங்களை வெளியிட வேண்டும், ஆனால் அதைச் சுற்றி யாரும் தம் சொந்தச் செயலியைக் கட்டிக்கொள்ளலாம் என்பது எல்ஜிபிஎல். இதற்கு, பத்தாண்டுக்கும் மேலாக நிரல் எழுதிய நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். அன்று மாணவர்களாக இருந்தவர்கள் உலகெங்கும் சிதறியிருந்தார்கள். பழைய மின்னஞ்சல் முகவரிகள் செத்துப்போயிருந்தன. சம்மதம் கிடைக்காத பகுதிகள் திரும்ப எழுதப்பட்டன, அல்லது பழைய உரிமத்திலேயே விடப்பட்டன. 2012 இறுதியில் வேலையின் பெரும்பகுதி முடிந்தது. 2013 ஜூலையில் விஎல்சி ஆப் ஸ்டோருக்குத் திரும்பியது. ஒரு பெரிய நிறுவனமாக இருந்தால் ஒரு மாலையில் விதிமுறையை மாற்றிவிட்டு ‘ஏற்கிறேன்’ பொத்தானை நம் முன் நீட்டியிருக்கும். இங்கே ஒவ்வொரு கையெழுத்தும் கேட்டு வாங்கப்பட்டது. மென்பொருள் உலகில் இதைவிட மரியாதையான காரியத்தை நான் அறியேன். விளம்பரம் சேர்க்கச் சொல்லி வந்த பெருந்தொகைகளையும் கெம்ஃப் மறுத்திருக்கிறார் என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் அந்த மனிதர் யார் என்று புரியும்.

விளையாட்டு உலகத்துக்கு வருவோம். 1993 டிசம்பரில் வெளியான டூம் இன்றும் ஆடப்படுகிறது. இட் சாஃப்ட்வேர் 1997இல் அதன் மூலநிரலை வெளியிட்டது. 1999இல் ஜிபிஎல்லுக்கு மாற்றியது. அன்றிலிருந்து யார் யாரோ அதைப் புதுப் புதுக் கருவிகளுக்கு எடுத்துப் போகிறார்கள். படங்களும் ஒலிகளும் அடங்கிய வாட் கோப்பு இன்றும் விற்பனைச் சரக்குதான். எஞ்சின் மட்டும் பொது. அந்தப் பிரிவினையே விளையாட்டை மூன்று தலைமுறைக்கு உயிரோடு வைத்தது, நிறுவனத்துக்கும் நட்டமில்லை. இதற்கு நேர்மாறாக, 2014இல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய விளையாட்டைப் பாருங்கள். தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வர் தேவை. 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் சர்வரை அணைத்தது. காசு கொடுத்து வாங்கிய அத்தனை பேர் கையிலும் இருந்தது பயனற்றுப் போனது. இதை எதிர்த்து ராஸ் ஸ்காட் தொடங்கிய இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதுவதானால் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா ஒரு சட்டமே போட்டிருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து அது நடப்பில் உள்ளது. இந்தியாவிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும்.

நமக்கு இழப்பு புதிதல்ல. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று கொண்டாடப்படும் 1931ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ படச்சுருள் இன்று நம்மிடம் இல்லை. நடராஜ முதலியார் எடுத்த மௌனப் படம் ‘கீசக வத’மும் இல்லை. தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களும் அலட்சியமும் அவற்றைக் கொண்டுபோயின. இனி வரும் இழப்புக்குச் சுருள் காரணமாக இருக்காது. ‘சூரரைப் போற்று’, ‘ஜெய் பீம்’ போன்ற படங்கள் திரையரங்கைத் தொடாமல் நேரே ஓடிடிக்கு வந்தன. அவை பூட்டிய கோப்புகள், சாவி சர்வரில். லினக்ஸ் கணினி வைத்திருப்பவர் முழுச் சந்தா கட்டினாலும் பல தளங்கள் அவருக்கு முழுத் தெளிவில் படம் காட்டுவதில்லை. திருட்டுப் பிரதி பார்க்கிறவருக்கு அந்தக் குறை கிடையாது. நேர்மையானவரைத் தண்டிக்கும் பூட்டு இது.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவு, டிஜிட்டல் பூட்டை உடைப்பதைப் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு செய்தால்தான் குற்றம் என்கிறது. அமெரிக்கச் சட்டத்தைவிட இது இரக்கமானது. எழுதியவர்கள் யோசித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் பூட்டைத் திறக்க உரிமை இருந்தும் கருவி இல்லாதவருக்கு அதனால் என்ன பயன்?

பூட்டில்லாமல் கொடுப்பதற்குத் தமிழில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் எழுத்தாளர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தந்த நூல்கள் ஈபப், மோபி, ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் என்று பல வடிவங்களில் கிடைக்கின்றன. எந்தக் கருவி வைத்திருப்பவரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. பூட்டு இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்லும் நிர்ப்பந்தம் இல்லை. தன்னார்வலர்கள் செய்வது.

இசைக்கும் இதைக் கேட்கிறேன். மார்கழிக் கச்சேரிகள் இணையத்தில் வரத் தொடங்கியபின், சீட்டு வாங்கினால் குறிப்பிட்ட நாட்கள்வரை பார்க்கலாம் என்ற ஏற்பாடு பழகிவிட்டது. அதன்பிறகு கதவு சாத்தப்படும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை ஊரில் இருக்கும் தாத்தாவுக்காக வாங்கிய கச்சேரி, தாத்தா இரண்டாம் முறை கேட்க நினைக்கும்போது இருக்காது. ஃபிளாக் என்ற வடிவம் 2001இலிருந்து இருக்கிறது. ஒலியில் ஒரு துளியும் குறையாது, யாருக்கும் கட்டணம் இல்லை, 2024இல் அதுவும் இணையப் பொதுத்தரம் ஆகிவிட்டது. கச்சேரிக்கு 300 ரூபாய் கேட்கிறவர்கள் 500 ரூபாய் கேட்கட்டும். பாடகருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் அதில் நியாயமான பங்கு போகட்டும். காசு கொடுத்தவருக்கு, பூட்டில்லாத ஃபிளாக் கோப்பாக அந்த ராகம் தானம் பல்லவி போய்ச் சேரட்டும். வரும் மார்கழியில் ஒரு சபா இதைத் தொடங்கினால், முதல் நாளே பணம் கட்டுகிறவர்களில் நானும் இருப்பேன்.