குறைமாதக் குழந்தையின் கண்கள்

சென்ற மாதம் கல்முனையில் நம் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவருக்குத் தலைக்குழந்தை பிறந்திருந்தது. 31 வாரத்திலேயே பிறந்துவிட்ட அக்குழந்தையின் நிறை 1 கிலோ 400 கிராம். வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வாரங்களுக்கு மேல் இருந்து, அப்போதுதான் வீடு வந்திருந்தது. முப்பதாம் நாளிலே கண் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டுமென்று வைத்தியர் துண்டொன்று எழுதிக் கொடுத்திருந்தார்.

அத்துண்டே வீட்டில் வழக்காயிற்று. “நாப்பது நாள் கழியாம பச்சப் புள்ளைய வெளிய கொண்டு போறதா சேர்? கண்ண நல்லாத்தானே முழிச்சுப் பாக்குது!” என்றார் மூத்தம்மா. மாணவர் நம் முகத்தைப் பார்த்தார்.

மூத்தம்மாவின் அச்சத்தை நாம் இகழோம். பெற்றவளுக்கு ஓய்வும் சிசுவுக்குக் காப்பும் கருதி முன்னோர் வகுத்த நாட்கள் அவை. நம் வீடுகளிலும் முப்பத்தொரு நாள் துடக்கு உண்டு. ஆயினும் இந்நோய் நம் நாட்கணக்கு முடியுமட்டும் காத்திருப்பதில்லை.

விழித்திரைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் கருவின் நான்காம் மாதமளவில் படரத் தொடங்கிப் பத்தாம் மாதத்திலேயே விளிம்பை எட்டுகின்றன. குறைமாதக் குழந்தையின் விழித்திரை, மருதமுனைத் தறியில் பாதி நெய்த சேலை போன்றது. கருப்பையில் கிடைத்ததைவிட மிகுதியான பிராணவாயு பட்டவுடன் குழாய்களின் வளர்ச்சி தடைப்படுகின்றது. பின்னர், இரத்தம் எட்டாத பகுதி பிராணவாயுவுக்கு ஏங்கும்போது ஒழுங்கற்ற புதுக்குழாய்கள் முளைக்கின்றன. அவை வடுவாகிச் சுருங்கினால் விழித்திரையே பெயர்ந்துவிடும். இவ்வளவும் கண்ணுக்குள்ளே நிகழ்வதால் வெளியே யாதொரு குறியும் தோன்றாது.

இந்நோயை 1942இல் பொஸ்டன் நகரத்து வைத்தியர் தியோடர் டெரி முதன்முதலில் விவரித்தார். மெல்பேர்ணில் கேட் காம்பெல் 1951இல் பிராணவாயுவின் மீது ஐயங்கொண்டார். 1953-54இல் அமெரிக்க வைத்தியசாலைகள் பதினெட்டு சேர்ந்து நடத்திய ஆய்வு அவ்வையத்தை உறுதிசெய்தது. அதற்குள் உலகில் ஏறத்தாழப் பதினாயிரம் குழந்தைகள் பார்வை இழந்துவிட்டனர். ஆனால் பிராணவாயுவை அளவுக்கு மீறிக் குறைத்தபோதோ உயிர்கள் போயின. ஆகவேதான் இன்று அதனை அளந்து கொடுக்கின்றனர்.

இது அரிய நோயன்று. அமெரிக்காவில் 1986-87இல் பிறந்த, 1,251 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது நூற்றுக்கு 66 பேரிடம் இது காணப்பட்டது. பெரும்பாலோருக்குத் தானே தணிந்தது. நூற்றுக்கு ஆறு பேர் அளவிலேயே கடுமையான நிலையை எட்டினர். அந்த ஆறு பேர் யாவர் என்பதைப் பரிசோதனையன்றி எவராலும் கூறவியலாது. 2010ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1,84,700 குழந்தைகளுக்கு இந்நோய் கண்டது என்றும், அவர்களுள் 20,000 பேர் பார்வையை முழுதுமோ பெரும்பகுதியோ இழந்தனர் என்றும் மதிப்பிட்டுள்ளனர்.

சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் 29ஆம் வாரத்திலே பிறந்த பெண் குழந்தை ஒன்றின் பெற்றோரிடம், கண்ணைச் சோதிக்க வேண்டுமென்று எவரும் கூறவில்லை. குழந்தை பார்வையிழந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2015இல் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தது. பணம் வந்தது, பார்வை வரவில்லை. அப்பெற்றோருக்குக் கிடைக்காத துண்டு நம் மாணவரின் கையில் இருந்ததன்றோ?

இவற்றை நாம் எடுத்துரைத்தோம். கண்மணி விரியச் சில துளி மருந்திட்டு வைத்தியர் உள்ளே நோக்குவார் என்றும், நோய் முற்றும் தறுவாயில் இருந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர்க் கதிராலோ ஊசி மருந்தாலோ தடுக்கலாம் என்றும், விழித்திரை பெயர்ந்தபின் மீட்பது அரிது என்றும் கூறினோம். மூத்தம்மா சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்ப நானே மடியில வெச்சுக்கொண்டு வாறன்” என்றார்.

முப்பதாம் நாள் சென்று வந்தனர். நோய் இல்லை, ஆயினும் குழாய்கள் விளிம்பை எட்டவில்லை, இரு வாரத்தில் மறுபடியும் வரவேண்டுமாம். முதல் முறை நலமென்றவுடன் நின்றுவிடுவோர் பலர். “இனி வரவேண்டாம்” என்று வைத்தியரே சொல்லும்வரை செல்லுங்கள் என்பதே குறைமாதக் குழந்தையைப் பெற்ற ஒவ்வொரு வீட்டாருக்கும் நாம் கூறுவது.