வண்டி நிற்குமிடம்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் பங்கு இல்லத்து வராந்தாவுக்கு ஓய்வு கிடைப்பதில்லை. சென்ற ஞாயிறு மாலைத் திருப்பலிக்குப் பின் அன்பியத்தைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார் வந்து அமர்ந்தனர். நான்கு நாள் கடற்கரைக்குச் சென்று வருவதென்று வேன் பேசி, முன்பணமும் கொடுத்துவிட்டனராம். சிறியோர் பெரியோர் உட்படப் பதினெட்டுப் பேர். அரிசி, பருப்பு, அடுப்பு, அண்டா, பாய், தலையணை யாவும் வண்டியிலேயே. இரவில் பெண்களும் குழந்தைகளும் வண்டிக்குள் உறங்குவர். ஆண்கள் வெளியே பாய் விரித்துக்கொள்வர். எல்லாம் முடிவாயிற்று, எங்கே போய் நிற்பது என்பது மட்டும் முடிவாகவில்லை.

"வேளாங்கண்ணிதான் சாமி. மாதாவைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, கடல்ல குளிச்ச மாதிரியும் ஆச்சு" என்றார் மூத்தவர். அவர் தம்பிக்கு உவரியின்மேல் மனம். கல்லூரியில் பயிலும் பையனோ கைபேசியை நம்மிடம் நீட்டி மணப்பாட்டுப் படத்தைக் காட்டினான். "பாருங்க சாமி, அலைக்குப் பத்தடி தள்ளி வண்டியை நிறுத்திரலாம். கண்ணைத் திறந்தாக் கடலு!" பின்னால் தூணோரம் அமர்ந்திருந்த பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ராத்திரியில ஒதுங்குறதுக்கு எங்கய்யா போறது?"

பிள்ளைகள் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தபோது, நாமும் இவ்வாறே ஒரு வண்டி நிறைய மக்களை அழைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைக்குச் சென்றோம். தங்கும் இடத்தைத் தேர்ந்தவர் வேறு யாருமல்லர், நாமே. எதிரே கடல், சுற்றிலும் வெற்று மணல். இதைவிட நல்ல இடம் ஏது என்று வண்டியை நிறுத்தச் சொன்னோம். எங்களுடன் வந்த வயதான தாய் ஒருவர் ஊரைவிட்டுக் கிளம்பியது முதல் தண்ணீரே அருந்தாமல் இருந்திருக்கிறார். இரண்டாம் நாள் நண்பகலில் மயங்கி மணலில் சாய்ந்தார். மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்று குளுக்கோஸ் ஏற்றிய பின்புதான் கண் விழித்தார். "ஏன் அம்மா தண்ணீர் குடிக்கவில்லை?" என்று கேட்டோம். "குடிச்சா இறங்கிப் போகணும்ல சாமி. ஆம்பளைகளுக்கு ஒரு மரத்தடி போதும்" என்றார். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் ஆண்டுக் கணக்கில் பயின்றோம். இந்தச் சிறு செய்தி எந்தப் பாடத்திலும் வரவில்லை. நாமாகவும் எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டையே சக்கரத்தில் ஏற்றிச் சென்று ஓய்வு கொள்ளும் வழக்கம் மேலை நாட்டில் வேரூன்றியது. ஸ்காட்லாந்து நாட்டவரும் கடற்படை மருத்துவருமான கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பார் 1885-இல் பிரிஸ்டல் நகரில் ஒரு குதிரை வண்டி வீட்டைக் கட்டுவித்து, அதில் உல்லாசப் பயணம் போனார். 1907-இல் அத்தகையோர் கூடி இங்கிலாந்தில் சங்கமே அமைத்துவிட்டனர். பின்னர் மோட்டார் வந்தது. வார விடுமுறையில் கடற்கரையெங்கும் கேரவன் என்னும் இவ்வண்டிகள் மொய்த்தன. எங்கு வேண்டுமாயினும் நிறுத்தலாம் என்றிருந்தால் கதி என்னாகும்? ஆகவே 1960-இல் அந்நாட்டில் சட்டம் இயற்றினர். இத்தகைய வண்டிகள் நிற்கும் நிலத்துக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். எத்தனை வண்டி நிற்கலாம், குடிநீர், கழிப்பறை, தீயணைப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை விதிக்கலாம். ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் இடையே 6 மீட்டர் இடைவெளி என்பது அங்கே வழக்கமான விதி. ஒன்றில் தீப்பிடித்தால் மற்றொன்றுக்குத் தாவக்கூடாது என்பதே கருத்து.

நம்மூரில் கேரவன் என்றால் திரைப்பட நடிகர் இளைப்பாறும் வண்டி என்றுதான் பலரும் அறிவர். அண்டை மாநிலமாகிய கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்து, அவற்றுக்கான பூங்காக்களையும் ஊக்குவிக்கிறது. நல்லதுதான். ஆயினும் பெயர் இல்லாவிட்டாலும் பொருள் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினக் கரைக்கு ஓடும் வேன்களில் அண்டாவும் அடுப்பும் இல்லாத வண்டி எத்தனை? நம்மிடம் இல்லாதது அந்த 6 மீட்டர்தான். திருவிழாக் காலத்தில் வண்டிக்கு வண்டி ஒரு முழம் இடைவெளி. அந்த ஒரு முழத்திலும் ஒருவர் அடுப்பு மூட்டியிருப்பார்.

மதுரையில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் தனி ரயில் பெட்டி நிலையத்தருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். அவர்களும் நம்மைப் போலக் குடும்பம் குடும்பமாகத் தலயாத்திரை வந்தவர்களே. இங்கிருந்து அறுபது, எழுபது கிலோமீட்டரில் நடந்தது அது.

ஆகவே அந்தக் குடும்பத்தாரிடம் நாம் முதலாவதாகக் கேட்டது, "அடுப்பு எங்கே வைப்பீர்கள்?" என்பதே. "வண்டிக்குள்ள வைக்க மாட்டோம் சாமி, பக்கத்துல" என்றனர். எந்தப் பக்கத்தில்? கடற்கரையில் பகற்பொழுது ஏறியதும் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். இரவு முதிர்ந்தபின் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும். காலையில் பாதுகாப்பாக வைத்த அடுப்பு மாலைச் சமையலின்போது வண்டியை நோக்கிச் சுடர் நீட்டக்கூடும். வண்டியைத் தாண்டிக் காற்று எத்திசையில் செல்கிறதோ அத்திசையில், பத்துப் பதினைந்து அடி தள்ளி அடுப்பு இருக்க வேண்டும். உருளையை நிமிர்த்தியே வைக்க வேண்டும். இவ்வளவு இடம் விட இயலாத நெரிசலான மைதானமாயின், அங்கே சமைக்க எண்ணாமல் உணவு விடுதியில் இட்லி வாங்குவதே மேல். செலவு பார்க்கும் இல்லத்தரசிகள் நம்மை மன்னிப்பார்களாக.

நிலத்தைப் பார்ப்பது போலவே அதன் முதுகையும் பார்க்க வேண்டும். ஸ்பெயின் நாட்டில், மத்தியதரைக் கடலோரம், நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் லோஸ் அல்ஃபாக்கெஸ் என்னும் விடுமுறை முகாம் இருந்தது. கூடாரங்களும் கேரவன்களும் நிறைந்த இடம். 1978 ஜூலை 11 அன்று பிற்பகலில் அச்சாலை வழியே எரிவாயுப் பொருள் ஏற்றி வந்த லாரி ஒன்று முகாமின் ஓரத்தில் வெடித்தது. இருநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கடல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்த்து வந்தவர்கள், சாலை எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் விளிம்பில், இது போதும் என்று வண்டியை ஒதுக்கிவிட்டுச் சக்கரத்தருகே பாய் விரித்துப் படுக்கும் நம்மவரை நினைக்கையில் நெஞ்சு பதைக்கிறது.

தண்ணீரைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. தோல் பதனிடும் கழிவால் உப்பேறிய கிணறுகளைக் கண்டவர்கள் நாம். கடலோரத்தில் ஊற்று தோண்டினால் மேல்மண்ணில் நல்ல நீர் கிட்டும். சற்று ஆழப்படுத்தினாலோ அதிகம் இறைத்தாலோ உப்பு ஏறிவிடும். குழாயில் வருகிறதே என்று எண்ணாமல் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டே வண்டியை நிறுத்த வேண்டும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 5 லிட்டர் என்று கொண்டாலும், பதினெட்டுப் பேருக்கு நாளொன்றுக்கு 90 லிட்டர். இருபது லிட்டர் கேன் ஐந்து. குளியல் தனி. கடலில் குளித்தவன் நல்ல தண்ணீரில் மறுபடி குளித்தே ஆக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்க.

நிழல் வேண்டும் என்று தென்னந்தோப்பைத் தேடுவர். தென்னை நிழல் அழகுதான். தேங்காய்க்கு ஆள் தெரியாது. புன்னையோ வேம்போ இருக்குமிடம் நன்று. மணல் காலை உள்வாங்குமாயின் சக்கரத்தையும் உள்வாங்கும். ஓட்டுநரை இறக்கி நடந்து பார்க்கச் சொல்லுங்கள். வலை காயும் இடமும், படகு ஏற்றும் இடமும், மீன் உலர்த்தும் இடமும் வெற்று மணலாகவே நமக்குத் தோன்றும். அது மீனவ மக்களின் களத்துமேடு. நம் வயல் களத்தில் ஒருவன் வண்டியை நிறுத்தினால் நாம் விடுவோமா? ஊர்ப் பெரியவரைக் கேட்டு நிறுத்துவதில் இன்னொரு நன்மையும் உண்டு. அன்று கடல் எப்படி என்பதை அவரைப் போல் அறிந்தவர் இல்லை.

கடலைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே கூற வேண்டும். நாம் சமவெளிக்காரர், குளத்திலும் கிணற்றிலும் நீந்தியவர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர் பலர் காலையில் கடற்கரையில் இருந்தனர். ஆழிப்பேரலை ஏறி வந்து நூற்றுக்கணக்கானோரை அங்கேயே வாரிக்கொண்டது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரையோரம் இருந்தவர்கள் சென்றனர். பேராலயத்தினுள் இருந்தவர்கள் பிழைத்தனர். இடையில் இருந்த தொலைவு அதிகமன்று. கடல் திடீரென்று பின்வாங்கித் தரை தெரிந்தால் வேடிக்கை பார்க்க ஓடாமல் உள்நோக்கி ஓட வேண்டும் என்பதை அன்று அறிந்திருந்தவர் சிலரே.

அத்தகைய அலை நூற்றாண்டுக்கு ஒருமுறை வரலாம். அன்றாடம் ஆளை விழுங்குவது இழுப்பு. வரிசையாக நுரைத்து உடையும் அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் உடையாமல் அமைதியாகக் கிடக்கும். பிள்ளைகளைக் குளிக்கவைக்க அதுவே ஏற்ற இடம் என்று நாம் நினைப்போம். உண்மையில் கரையேறிய நீர் எல்லாம் திரும்பிப் பாயும் வாய்க்கால் அது. அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்து மூழ்குகின்றனர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் சிறிது தூரம் நீந்தினால் இழுப்பிலிருந்து விலகிவிடலாம். தென்கோடியில் கள்ளக்கடல் என்றும் ஒன்று உண்டு. தொலைதூரத் தென்கடலில் எழுந்த புயலின் அலைகள் பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரெனக் கரையேறும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவம் பயின்ற ஐந்து இளைஞர்கள் அலைக்கு இரையாயினர். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் இவ்வெச்சரிக்கைகளைத் தருகிறது. அந்தப் பையனின் கைபேசியில் மணப்பாட்டுப் படம் வந்த அதே வழியில் அதுவும் வரும்.

இனி ஊர்களுக்கு வருவோம். மணப்பாடு பேரழகு, மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே புனித சவேரியார் வாழ்ந்த குகை. பகல் முழுதும் இருந்து பார்க்கத் தக்கது. முதியோரோடு வண்டியில் இராத்தங்க நாம் பரிந்துரைக்கமாட்டோம். உவரி அந்தோணியார் திருத்தலத்தில் பல நாள் தங்கி வேண்டுவோர் உண்டு. தங்கிப் பழகிய ஊர் ஆகையால் கேட்டால் வழிகாட்ட ஆள் இருக்கும். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை ஓய்வை நாடிச் செல்வது வீண். அது விழாவுக்குரிய காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல் நம் கொடைக்கானல் மலை மரங்களையே சாய்த்ததென்றால், கரையில் நின்ற வேனின் நிலை என்னவாகும்? நம்மைக் கேட்டால், ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் ஏற்ற காலம். பள்ளிக்கூடம் விடாதே என்பீர்கள். அதற்கு நம்மிடம் மருந்து இல்லை.

இவ்வளவையும் கேட்டபின் மூத்தவர் தலையைச் சொறிந்தார். "அப்ப எங்கதான் சாமி நிறுத்துறது?" நாம் பதில் சொல்லாமல் தூணோரம் திரும்பிப் பாட்டியைக் கேட்டோம். அவர் தயங்கவில்லை. வேளாங்கண்ணிக்கே போகலாம், ஆனால் கடற்கரைப் பக்கம் வேண்டாம், விளக்கும் கழிப்பறையும் உள்ள விடுதியில் பெண்களுக்கு இரண்டு அறை எடுத்துவிட்டு, அதன் வளாகத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும், கடலுக்கு நடந்து போய்க்கொள்ளலாம். "கடலு எங்கயும் ஓடிறாது" என்றார். அறை வாடகையை யார் கொடுப்பது என்று அண்ணன் தம்பிக்குள் சிறிது வாக்குவாதம் எழுந்தது. மூன்று குடும்பமும் சமமாகப் பகிர்வதென்று முடிவாயிற்று. பையனுக்குத்தான் முகம் வாடியது. திரும்பும் வழியில் ஒரு நாள் மணப்பாடு போகலாமா என்று கேட்டான். அது வழியே அன்று என்று அவன் தந்தை விளக்கத் தொடங்கினார்.

வரும் வெள்ளிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குக் கோவில் வாசலிலிருந்து வண்டி புறப்படுகிறது. பாட்டிக்கு முன்னிருக்கை. கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தனுப்ப எண்ணியிருக்கிறோம்.