கைக்கணினி: படிக்கவா? படைக்கவா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஓலையில் எழுதினான் தமிழன். பின்னர்க் காகிதத்தில் அச்சிட்டான். இன்று கண்ணாடித் திரையில் விரலால் தொட்டு எழுதுகிறான். ஓலைச்சுவடிக்கும் கைக்கணினிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் கையில் அடங்குபவை. எங்கும் எடுத்துச் செல்லக் கூடியவை. வேற்றுமையோ பெரிது. சுவடிக் கட்டில் இருப்பவை ஒன்றிரண்டு நூல்கள். கைக்கணினியில் இருப்பது ஒரு நூலகம். நம்மைப் போன்ற அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இக்கருவியால் விளையக்கூடிய நன்மை யாது, அது முழுமையாகக் கிட்ட நாம் செய்ய வேண்டுவது யாது என்பது பற்றி என் கருத்தைக் கூற விரும்புகிறேன்.

இக்கருவி திடீரென்று வானத்திலிருந்து குதித்ததன்று. 1972ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் ஆலன் கே, ‘டைனாபுக்’ என்றொரு கருவியைக் கற்பனை செய்து கட்டுரை வரைந்தார். கணினிகள் அறைகளை அடைத்துக்கொண்டு நின்ற காலம் அது. குறிப்பேட்டின் அளவில் ஒரு கணினி. குழந்தைகள் அதில் படிக்க வேண்டும், எழுத வேண்டும், படம் வரைய வேண்டும், நிரல்களையும் தாமே அமைக்க வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. 2010இல் ஐபேட் வெளிவந்தபோது அந்தக் கனவின் உருவம் நனவாயிற்று. அதன் உயிர் நனவாயிற்றா? அதுதான் கேள்வி.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலர் முன்னின்று ‘சிம்ப்யூட்டர்’ என்ற கையடக்கக் கருவியை உருவாக்கினர். எளிமை, மலிவு, பன்மொழி என்பவை அதன் குறிக்கோள்கள். ஊருக்கு ஒரு கருவி இருந்தாலும், பலரும் தத்தம் அட்டையைச் செருகிப் பயன்படுத்தலாம் என்று திட்டமிட்டார்கள். 2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அதனைத் தயாரித்து ‘அமிடா’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் ஈடுபட்டதும் அதே நிறுவனத்தில்தான். ஆயினும் சிம்ப்யூட்டர் மக்களிடம் பரவவில்லை. விலை குறைந்து வந்த கைப்பேசிகள் முந்திக்கொண்டன.

அடுத்து வந்தது ‘ஆகாஷ்’. 2011 அக்டோபர் 5 அன்று மத்திய அரசு அதனை வெளியிட்டது. அரசு வாங்கிய விலை 2,276 ரூபாய். உலகம் வியந்தது! ஆனால் அழுத்தித் தொட்டால்தான் அசையும் திரை, மெதுவாக இயங்கும் செயலி, சுமார் மூன்று மணி நேரமே தாங்கும் மின்கலம் ஆகியவை மாணவர்களின் ஆர்வத்தைத் தணித்துவிட்டன. அடுத்த ஆண்டே மேம்பட்ட ஆகாஷ் வந்தும் பழைய பரபரப்பு திரும்பவில்லை. விலையைக் குறைப்பது மட்டுமே வெற்றியாகாது; கையில் வாங்கியவன் மறுநாளும் அதை விரும்பி எடுக்க வேண்டும். ஆகாஷ் கற்பித்த பாடம் இது.

ஒரு கருவி சொந்தமாக இருப்பதன் அருமையை எங்கள் தலைமுறை நன்கு அறியும். 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, காட்டூரில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி, படிப்பவர்கள் இருவர். பகலில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மாலையில் வந்ததும் முதல் உரிமை எனக்கு. அக்காவுக்கு அடுப்படி வேலை முடிந்த பிறகு, மின்கலம் மிச்சமிருந்தால். எத்தனையோ வீடுகளில் பெண்பிள்ளைகளின் முறை இப்படிக் கடைசியில்தான் வந்தது. 2021 தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜி.பி. தரவு நான்கு மாதங்களுக்கு இலவசம் என்று அறிவித்தது. நல்ல உதவிதான். ஆனால், குடம் இல்லாத வீட்டுக்குத் தண்ணீர் வந்து என்ன பயன்?

2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவரவர் விருப்பப்படி கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. 2026 ஜனவரியில் மடிக்கணினிகள் வழங்கத் தொடங்கினார்கள். கைக்கணினி இல்லையே என்று வருந்திய நண்பர்கள் உண்டு. பேருந்தில் நின்றபடியே படிக்கலாம், மடியும் மேசையும் வேண்டா என்பது அவர்கள் வாதம். மறுப்பதற்கில்லை. ஆனால் பத்துப் பக்கக் கட்டுரை எழுத விசைப்பலகைதான் வேண்டும். எனவே எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் வேண்டா. எதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதே முக்கியம்.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். திரைச் சுரைக்காய் மட்டும் உதவுமா என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். உதவும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திருவெறும்பூர் மலைமேல் எறும்பீசுவரர் கோயில். அதன் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள். முன்பெல்லாம் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளைக் காண நூலகம் தேடி அலைய வேண்டும். இன்று கல்வெட்டின் முன் நின்றுகொண்டே தொகுதியைத் திறந்து, கல்லையும் ஏட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வரலாற்று மாணவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த வசதி தானாக வந்ததன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஊதியம் வாங்காமல் நூல்களைத் தட்டச்சு செய்து தந்தார்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் தன்னார்வலர் உழைப்பே. 1999இல் அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகை இன்று கைப்பேசியிலும் கிடைக்கிறது. எல்லாம் இருந்தும் நாம் செய்வது என்ன? பார்க்கிறோம், சிரிக்கிறோம், அடுத்ததற்குத் தள்ளுகிறோம். பிறர் போட்டதை எடுக்கிறோமே தவிர, நாம் ஒன்று போடுகிறோமா?

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. கல்லூரி நூலகம் நூல்களைப் போலவே சில கைக்கணினிகளையும் வீட்டுக்கு இரவல் தரட்டும்; வீட்டில் கருவி கிடைக்காத மாணவியருக்கு முதலிடம் கொடுக்கட்டும். ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஓர் ஒப்படைப்பையேனும் இணையத்தில் ஏறும் தமிழ்க் கட்டுரையாகக் கேட்கட்டும். அவரவர் ஊரின் ஏரி, கோயில், சந்தை, தொழில் என எழுதப்படாதவை எத்தனையோ உள்ளன.

நண்பர்களே! கருவி கைக்கு வந்துவிட்டால் கல்வி வந்துவிட்டதாகப் பொருளன்று. படிப்பவன் அதில் நூலகத்தைக் காண்பான். படைப்பவன் அந்த நூலகத்துக்கு ஒரு பக்கம் சேர்ப்பான். நாம் ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ப்போம்.