அவசர கருத்தடை மாத்திரையும் பிந்தும் மாதவிடாயும்

எமது மருந்தகங்களில் வைத்தியரின் சீட்டு இன்றியே கிடைக்கும் அவசர கருத்தடை மாத்திரையை உட்கொள்ளும் பெண்கள் சிலர், அதன் பின்னர் மாதவிடாய் பிந்துவதைக் கண்டு கலங்குகின்றனர். 1.5 மில்லிகிராம் லெவோநோர்ஜெஸ்ட்ரல் அடங்கிய இம்மாத்திரை பிரதானமாகச் சூல் வெளியேறுவதைத் தாமதப்படுத்தியே செயற்படுகின்றது. ஆகவே மாதவிடாய் சில தினங்கள் முந்துவதோ பிந்துவதோ இயல்பானதே. இடையில் சிறிதளவு இரத்தக்கசிவும் ஏற்படலாம். ஏற்கனவே தரித்த கருவை இது கலைப்பதில்லை. ஆயினும் இது கருக்கலைப்பு மாத்திரை என்ற எண்ணம் இன்னும் நீங்கியபாடில்லை.

தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருக்கலைப்புச் செய்வதை 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்கியுள்ள இலங்கையில் இக்கலக்கம் சாதாரணமானதல்ல. சில நாள் தாமதத்தைக் கருவெனக் கொண்டு போலி வைத்தியரை நாடும் ஆபத்து ஒருபுறம். உண்மையாகவே கருத்தரித்தவர் அதனை மாத்திரையின் விளைவென எண்ணிக் காலம் கடத்தும் ஆபத்து மறுபுறம். எதிர்பார்த்த தினத்திலிருந்து 7 நாட்கள் கடந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்வதே முறை. இதைக் கூற ஒரு நிமிடம் போதும். மாத்திரையைக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பவர் பெரும்பாலும் கூறுவதில்லை. கூச்சத்துடன் வாங்குபவரும் கேட்பதில்லை. குடும்ப நல உத்தியோகத்தர்களோ பெரும்பாலும் மணமானவர்களின் வீடுகளுக்கே செல்கின்றனர். சுகாதார அமைச்சு தமிழில் ஒரு சிறு துண்டுப்பிரசுரத்தையாவது மாத்திரையுடன் வழங்கச் செய்தல் வேண்டும்.