ஊர்ல காடு இருக்கு... அதை வச்சு என்ன பண்றது? கிண்டியில் தொடங்க வேண்டிய ஒரு வகுப்பு

கிண்டி தேசியப் பூங்காவை எல்லோருக்கும் தெரியும். மெட்ரோவில் போகும்போதும், அடையாறு பக்கம் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் கண்ணில் படும் அந்தப் பச்சை. ஆனால், அதன் பெரும்பகுதி ஒரு காலத்தில் தனியாருக்குச் சொந்தமான காடு என்பது பலருக்குத் தெரியாது. 1821ல் ஓர் ஆங்கிலேயரிடமிருந்து 35,000 ரூபாய் கொடுத்து அரசு அதை வாங்கியது. 1910ல் காப்புக்காடு, 1978ல் தேசியப் பூங்கா.

அரசு வாங்கியதால்தான் காடு தப்பித்தது என்று தோன்றலாம். பாதி உண்மை. 1910ல் சுமார் 505 ஹெக்டேராக இருந்த காடு, இன்று 270 ஹெக்டேர்தான். மீதியில் கல்வி நிறுவனங்களும் நினைவிடங்களும் வந்துவிட்டன. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது மட்டும் காட்டைக் காப்பாற்றாது என்பதற்குச் சென்னையின் நடுவிலேயே சாட்சி இருக்கிறது.

சரி, இந்தப் பழைய கதை இப்போது எதற்கு? தமிழ்நாட்டில் இன்னமும் தனியார் காடுகள் இருக்கின்றன. அவற்றின் அடுத்த தலைமுறை வாரிசுகளில் பலர் கிண்டியிலும் தரமணியிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தனியார் காடு என்றால் என்ன?

ஒலிம்பியா டெக் பார்க்கில் வேலை பார்க்கும் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். தாத்தா காலத்து நிலம் மலையடிவாரத்தில் ஐந்தாறு ஏக்கர். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் பலா, மீதி தானாக வளர்ந்த மரங்கள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. "வித்துடலாமா, வச்சுக்கலாமா?" என்று போனில் கேட்கிறார். மகனுக்குப் பதில் தெரியாது. கூகுளில் தேடினால் ரிசார்ட் விளம்பரம்தான் முதலில் வருகிறது.

இவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தமிழ்நாடு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1949. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன்அனுமதி வேண்டும். மரம் வெட்டவும் அதே கதைதான். அதே நேரம், பட்டுப்போன மரத்தையோ விழுந்த மரத்தையோ எடுப்பதற்கும், வழக்கமான வீட்டுத் தேவைக்கும் சட்டம் விலக்கு தருகிறது. தடை இருப்பது ஊருக்கே தெரியும். விலக்கு இருப்பதுதான் தெரியாது.

இதற்கு மேல் 1996 டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடர்ந்த வழக்கு அது. கூடலூர் பகுதியில், தன் குடும்பத்திடம் முன்பு இருந்த காடுகள் அழிவதைப் பார்த்துத்தான் அவர் நீதிமன்றம் போனார். 'காடு' என்பதற்கு அகராதி என்ன பொருள் சொல்கிறதோ அதுவே பொருந்தும், நிலம் யாருடையது என்பது முக்கியமில்லை என்றது நீதிமன்றம். 2023ல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்த வரையறை சுருங்குமோ என்ற அச்சம் எழுந்தது. 2024 பிப்ரவரியில், பழைய பொருளையே பின்பற்றும்படி மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

நாட்டின் மிகப் பெரிய வன வழக்கு கிளம்பியதே தமிழ்நாட்டு மலைச்சரிவில் இருந்துதான். ஆனால் அதே சரிவில் நிலம் வைத்திருப்பவருக்கு, அந்த உத்தரவு தன் ஐந்து ஏக்கரை என்ன செய்கிறது என்று உட்கார வைத்து விளக்க ஆள் இல்லை.

பயிற்சிகள் இல்லவே இல்லையா?

இருக்கின்றன. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும், கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனமும் விவசாயிகளுக்குப் பயிற்சி தருகின்றன. 'மரம் வளர்ப்போர் மேளா' கூட நடக்கிறது. தேக்கு, சவுக்கு, மலைவேம்பு என்று எதை நட்டால் எத்தனை ஆண்டில் வெட்டலாம், எந்த ஆலை வாங்கும் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். நல்ல வேலை, சந்தேகமே இல்லை.

ஆனால் அது மரப் பயிருக்கான வகுப்பு. ஏற்கெனவே நிற்கும் காட்டை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது வேறு பாடம். வெறும் நிலத்தில் நடுவதற்குக் கன்று கிடைக்கிறது, ஆலோசனை கிடைக்கிறது. தானாக வளர்ந்த காட்டை விட்டுவைத்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கட்டுப்பாடு மட்டுமே.

இதன் விளைவு விபரீதமானது. 'மரம் பெருசானா காடுன்னு எழுதிடுவாங்க, அப்புறம் நிலத்தை அசைக்க முடியாது' என்ற பயம் ஒருவருக்கு வந்துவிட்டால், அவர் கன்றிலேயே வெட்டிவிடுவார். காட்டைக் காக்க வந்த சட்டமே காடு முளைப்பதைத் தடுத்துவிடும்.

சந்தன மரமும் இப்படித்தான். 2002ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டு, பட்டா நிலத்துச் சந்தன மரத்தில் நில உரிமையாளருக்கு உரிமை தரப்பட்டது. வெட்டுவதும் விற்பதும்தான் வனத்துறை வழியாக நடக்க வேண்டும். ஆனாலும், 'சந்தனம் வச்சா போலீஸ் வரும்' என்ற பேச்சு பல ஊர்களில் இன்னும் ஓயவில்லை. சட்டம் மாறியது, செய்தி போய்ச் சேரவில்லை.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

பின்லாந்தில் காட்டின் பெரும்பகுதி தனியார் குடும்பங்களுடையது. அமெரிக்காவிலும் குடும்பங்களிடம் உள்ள காடு மிகப் பெரிது. அங்கே பல்கலைக்கழகங்கள் கிராமத்துக்கே போய்ப் பாடம் சொல்லும் முறைக்கு 1914லேயே சட்டம் வந்துவிட்டது. 1980களில் கனெக்டிகட், வெர்மான்ட் மாநிலங்களில் 'கவர்ட்ஸ்' என்ற திட்டம் தொடங்கியது. சில காட்டு உரிமையாளர்களைச் சில நாள் தங்க வைத்துப் பயிற்சி தருவார்கள். அதற்குப் பதிலாக, அவர்கள் ஊருக்குத் திரும்பிப் பக்கத்து நிலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். அதிகாரி சொன்னால் சந்தேகப்படுகிறவர், பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னால் கேட்பார். இது எந்த நாட்டுக்கும் பொருந்தும் மனித இயல்பு.

கிண்டியில் ஏன்?

வனத்துறையின் தலைமை அலுவலகம் கிண்டி–வேளச்சேரி சாலையில் இருக்கிறது. பக்கத்திலேயே தேசியப் பூங்கா. சுற்றிலும், ஊரில் நிலம் இருந்தும் ஊருக்குப் போக நேரமில்லாத இளைஞர் கூட்டம். அலுவலகம், பாடசாலை, மாணவர் மூன்றும் ஒரே இடத்தில். இரண்டு வார இறுதிகள் போதும். நான்கு வகுப்புகள்.

முதல் வகுப்பு, காகிதம். பட்டா, சிட்டா, புல வரைபடம், 'அ' பதிவேடு ஆகியவற்றைப் படிக்கக் கற்றுத்தருவது. தன் நிலம் 1949 சட்டத்தின் கீழ் வருகிறதா, மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதா, எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அன்றே தெரிந்துவிட வேண்டும்.

இரண்டாவது, நடை. பூங்காவுக்குள்ளேயே. கிண்டியில் மிஞ்சியிருப்பது சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு. அங்கே புல்வெளியும் உண்டு. வெளிமான்களுக்கு அந்த வெட்டவெளிதான் வேண்டும். புல்வெளியில் எல்லாம் மரம் நட்டால் மானுக்கு இடம் போகும். 'மரம் நட்டால் எல்லாம் சரி' என்ற எண்ணம் மாற, ஒரு மணி நேர நடை போதும்.

மூன்றாவது, பத்தாண்டுத் திட்டம். உன்னிச்செடியை எந்தப் பருவத்தில் எப்படி எடுப்பது, தீத்தடுப்புக் கோடு எங்கே போடுவது, ஓடைக்கரையை எப்படி விடுவது, தேன், மிளகு போன்ற வருமானம் எவ்வளவு எடுத்தால் காடு தாங்கும் என்று ஒவ்வொருவரும் தன் நிலத்துக்கு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

நான்காவதுதான் கஷ்டமானது, குடும்பம். நான்கு பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்தால் காடு நான்கு துண்டு. ஒருவர் வேலி போடுவார், ஒருவர் விற்பார், ஒருவர் துபாயில் இருப்பார். பாகம் பிரிக்கும் முன்பே, காடு மட்டும் பொதுவில் இருக்கட்டும் என்று எழுதி வைக்கும் வழிகளை ஒரு வழக்கறிஞர் சொல்லித்தர வேண்டும். அப்பா இருக்கும்போதே பேசவேண்டிய பேச்சு இது.

எதிர்க்கேள்விகள்

'பிரச்சினை அறியாமை இல்லைங்க, அனுமதி கிடைக்க ஆகும் தாமதம்' என்று கன்னியாகுமரி விவசாயி சொல்லக்கூடும். நியாயமான கேள்வி. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் கிராமங்களில் அவசரத்துக்கு நிலத்தை விற்க முடியாத வேதனை அங்கே நீண்ட காலமாக இருக்கிறது. வகுப்பு அதற்கு மருந்தாகாது. அனுமதிக்குக் காலக்கெடு வேண்டும். ஆனால், அனுமதி தருகிற அதிகாரியும் அதே வகுப்பில் உட்கார்ந்தால், கோப்பு எங்கே தேங்குகிறது என்பதாவது நேருக்கு நேர் தெரியவரும்.

'எஸ்டேட் முதலாளிக்கு எதற்கு அரசு செலவில் பாடம்?' என்பது அடுத்தது. ரிசார்ட் கட்ட வருபவரிடம் ஏற்கெனவே வக்கீல் இருக்கிறார். ஐந்து ஏக்கர்காரருக்குத்தான் யாரும் இல்லை.

மூன்றாவது கேள்விதான் கனமானது. பத்திரத்தில் பெயர் இல்லாமலேயே காட்டில் வாழ்கிறவர்கள்? கூடலூர் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு உரிமையாளர் மட்டும் போடும் திட்டம் அரைகுறையானது. 2006 வன உரிமைச் சட்டம் முதல் வகுப்பிலேயே பாடமாக வேண்டும். காட்டை நடத்திக் காட்டும் வகுப்பில், அந்த மக்களே ஆசிரியராக நின்றால் இன்னும் நல்லது.

இப்போது ஏன்?

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம், மாநிலத்தின் காடு, மரப் பரப்பைச் சுமார் 24 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கு வைத்திருக்கிறது. வனத்துறை நிலத்தை மட்டும் வைத்து அந்த இலக்கை எட்ட முடியாது. தனியார் நிலம் இல்லாமல் கணக்கு நேராகாது. புதிதாக நடும் கோடிக்கணக்கான கன்றுகளில் எத்தனை பிழைக்கும் என்பது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். ஏற்கெனவே நிற்கும் காட்டை விடாமல் வைத்திருப்பதற்கோ ஒரு புரொஜெக்டரும், நாலு ஆசிரியரும், இரண்டு வார இறுதியும் போதும்.

கிண்டிக் காட்டை அரசு வாங்கி 200 ஆண்டுகள் ஆகிவிட்டன. மலையில் மிச்சமிருக்கும் எல்லாக் காட்டையும் அப்படி வாங்க முடியாது. வாங்க முடியாததைக் காப்பாற்ற, அதை வைத்திருப்பவரிடம்தான் பேச வேண்டும். அந்த அப்பா அடுத்த முறை போனில் "வித்துடலாமா?" என்று கேட்பதற்குள், மகனுக்கு ஒரு வகுப்பு கிடைக்க வேண்டும்.