பதம் பார்க்க எடுத்த பருக்கை



இவ்வாரம் வழக்கமான தியானத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு பள்ளிக்கூடக் காரியத்தைக் குறித்து எழுதுகிறேன். பழவேற்காட்டு ஏரிக்கரையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்காகவே இது முக்கியமாய் எழுதப்படுகிறது. மற்றவர்களும் வாசிக்கலாம், பேரப்பிள்ளை உள்ளவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் தமிழக அரசு 3, 5, 8 ஆகிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில அளவிலான அடைவுத் தேர்வை நடத்தியது. அதற்கு முந்தைய மாதம், பொங்கல் கழிந்த கையோடு, ஆலயத் தாழ்வாரத்தில் மாலை வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். மாதிரி வினாத்தாள்களை நானே தயாரித்துப் பொன்னேரிக்குப் போய் அச்செடுத்து வந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு விடைகள், நான்கு வட்டங்கள். சரியான வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். நம் குப்பத்துப் பிள்ளைகள் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர் என்று காட்டிவிட வேண்டும் என்பது என் வைராக்கியம். அதை ஊழியம் என்றே நம்பியிருந்தேன்.

அந்த வகுப்புக்கு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். தகப்பன் ஏரியில் பாட்டுக்குப் போகிறவர்; தாய் இறாலும் நண்டும் விற்கிறவர். இரண்டாம் நாள் அவளுடைய தாளை வாங்கிப் பார்த்தேன். எல்லாக் கேள்விகளுக்கும் நான்கு வட்டங்களையும் கறுப்பாக்கியிருந்தாள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "எது சரியோ அத நீங்களே எடுத்துக்குங்க ஐயா" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அந்தத் தாளை உயர்த்திப் பிடித்து எல்லாருக்கும் காட்டினேன். பரீட்சையிலும் இப்படிச் செய்தால் ஊர் மானமே போய்விடும் என்று அதட்டினேன். இறையியல் கல்லூரியில் பட்டம் வாங்கியவன் நான். கிரேக்க வினைச்சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்லத் தெரிந்த எனக்கு, எட்டு வயதுப் பிள்ளையின் பயத்தை வாசிக்கத் தெரியவில்லை.

மூன்று நாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் தாய் வந்தார். கூடையைத் தாழ்வாரத்துக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டுப் படியிலேயே நின்றார். "ஐயா, பொண்ணு ராத்திரில முழிச்சிக்கிட்டு அழுவுது. ஃபெயிலாயிட்டா பள்ளிக்கூடத்துல வச்சுக்க மாட்டாங்களான்னு கேக்குது. நான் படிக்காதவ, எனக்கு என்னா தெரியும். இது என்னா பரீட்சைங்க ஐயா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. எதற்காக நடத்தப்படும் தேர்வு என்பதையே சரியாக விசாரித்தறியாமல், நான் பிள்ளைகளை அதற்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தேன். பிறகுதான் உட்கார்ந்து வாசித்தேன். வாசித்ததைச் சொல்கிறேன்.

இது தேர்ச்சி, தோல்வி பார்க்கும் பரீட்சையே அல்ல. ஒரு வகுப்பை முடிக்கும் பிள்ளைகள் எந்த அளவுக்கு வாசிக்கிறார்கள், எந்த அளவுக்குக் கணக்கு அறிந்திருக்கிறார்கள் என்று பள்ளிகளையும் மாவட்டங்களையும் அறிந்துகொள்ளும் அளவீடு. மத்திய அரசும் இப்படி ஒன்றை நடத்துகிறது. 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வில், தெரிந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 1.18 லட்சம் பள்ளிகளின் 34 லட்சம் மாணவர் எழுதினர். 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9 ஆம் வகுப்புகளுக்கு மறுபடியும் நடந்தது. அதன் அறிக்கைகள் மாவட்டத்தையும் மாநிலத்தையும் குறித்துப் பேசுகின்றன; இன்ன குப்பத்தில் இன்னாரின் மகள் தோற்றாள் என்று எங்கும் எழுதப்படுவதில்லை. எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்காமல் சிலரைக் கொண்டு எல்லாரையும் அறியும் இந்த முறைக்கு நம் பாட்டிமார் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்று விதித்தது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில், 5, 8 ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு உண்டு என்று நம் மாநிலத்திலும் அறிவித்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று பெற்றோரும் ஆசிரியரும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரி 4 அன்று அரசு அதைக் கைவிட்டது. கைவிட்டது சரியே என்பது என் கருத்து. ஆனால் அந்த நாலைந்து மாதத்தில் வீடுகளுக்குள் நுழைந்த பயம் அரசாணையோடு வெளியேறவில்லை. "ஃபெயில்" என்ற சொல் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நாவில் வந்து உட்கார்ந்தது அப்படித்தான். அதை மறுபடியும் ஊதிவிட்டவன் நான்.

அளவெடுப்பதே வீண் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதையும் ஏற்க மாட்டேன். 2021 நவம்பரில் அந்த ஆய்வை எழுதிய தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவர்கள் முதல் வகுப்பில் இருந்தார்கள். இரண்டாம் வகுப்பை அவர்கள் பள்ளியில் காணவேயில்லை. 2021 நவம்பர் 1 அன்று பள்ளி திறந்தது. பதினோராம் நாள் தேர்வு. கைப்பேசியே இல்லாத வீடுகளில், அப்பாவோடு படகில் போய் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் எழுதுவதில் குறைவு தெரிந்தால், அது யாருடைய குறைவு? ஊரே தந்திராத ஒன்றைப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? ஆனாலும் அளந்ததால்தான் குறைவு தெரிந்தது என்பதை மறுக்க முடியாது. அந்த இழப்பை ஈடுசெய்யவே 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. அது தொடங்கி வைக்கப்பட்ட அழிஞ்சிவாக்கம் நம் திருவள்ளூர் மாவட்டத்து ஊர்தான்.

ஆகவே பதம் பார்க்கட்டும். ஆனால் பதம் பார்க்க எடுக்கப்போகும் பருக்கையை மட்டும் தனியே எடுத்து வேகவைத்துக் கொடுத்தால், பானையில் இருப்பது வெந்துவிட்டதாக நம்பி அடுப்பை அணைத்துவிடுவார்கள். எண்பது மாதிரி வினாக்களை வைத்து நான் செய்துகொண்டிருந்தது இதைத்தான். தேர்வன்று பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதச் சொல்கிறவர்களும், விடையைப் பூடகமாய்க் காட்டிக்கொடுக்கிற பெரியவர்களும் செய்வது இதைத்தான். இது பிள்ளைக்குச் செய்யும் உதவிபோலத் தெரியும். கள்ளத் தராசைக் கர்த்தர் அருவருக்கிறார் என்று நீதிமொழிகளை வைத்துப் பிரசங்கம் பண்ணுகிற நாம், மீன் எடை போடுகிற வியாபாரியிடம் மட்டும் அதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

இதில் சபைகளுக்கும் பழைய பாக்கி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1862இல், பிள்ளைகள் இன்ஸ்பெக்டரின் சோதனையில் தேறினால்தான் பள்ளிக்கு முழு மானியம் என்று விதி செய்தார்கள். அதே நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலும் அப்படி மானியம் கொடுக்கும் முறை வந்தது. மிஷன் பள்ளிகளும் அந்த மானியத்தை நம்பியிருந்தன. விளைவு என்னவாயிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? இன்ஸ்பெக்டர் கேட்பதே பாடம், அவர் கேளாததெல்லாம் வீண் என்றாயிற்று. இதற்கு நேர்மாறானது 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே செய்தது. சீமோன் என்பவரோடு சேர்ந்து அவர் பிள்ளைகளுக்கான அறிவுச் சோதனையை உண்டாக்கியதன் நோக்கம், எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று கண்டறிவதே. அறிவு கூடவே கூடாத நிலையான அளவு என்று சொன்னவர்களை அவர் கண்டித்தார். தேர்வு ஒன்றுதான், யார் கையில் எதற்காக இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மருந்தாகிறது, அல்லது கோலாகிறது.

பிள்ளைகள் மனமொடிந்து போகும்படி தகப்பன்மார் அவர்களை எரிச்சலூட்டலாகாது என்று பவுல் கொலோசே சபைக்கு எழுதியதை, திருமண ஆராதனைகளில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். மாதிரித் தாளை உயர்த்திப் பிடித்த அந்த மாலையில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

சரி, என்னதான் செய்யலாம் என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு பெரும்பாலும் தடையல்ல. ஒரு கூறு நண்டு அறுபது ரூபாய் என்றால் நாலு கூறு எவ்வளவு என்று கரையில் நிற்கும் பிள்ளை நொடியில் சொல்லும். முறைவைத்துப் பாடு பகிரும் குப்பத்தில், இன்று ஒருவருக்குப் பாடு என்றால் அடுத்தது எந்த நாள் வரும் என்று பையன்கள் விரல் விட்டுச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வகுத்தலும் மீதியும் அதுதானே. உயிர்த்த ஆண்டவரைக் கண்ட அந்த விடியற்காலையிலும் சீஷர்கள் மீனை எண்ணி 153 என்று கணக்கு வைத்தார்கள். மீனவர் வீட்டில் எண்ணாமல் எதுவும் நடப்பதில்லை. பிள்ளை தடுமாறுவது வேறிடத்தில். அச்சில் வந்த கேள்வியை வாசித்து, அது என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் களைத்துவிடுகிறது. வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, தாளில் இருக்கும் தமிழ் வேறொன்று. ஏரியின் வடக்கே போகப் போகத் தெலுங்கும் கலந்துவிடுகிறது.

அதனால் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பிள்ளையைச் சத்தமாய் வாசிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகம் வேண்டும் என்றில்லை. ரேஷன் கடைப் பலகை, பேருந்தின் பெயர்ப்பலகை, நாட்காட்டித் தாள், வேதாகமக் கதைப் புத்தகம், எதுவானாலும் சரி. நான் படிக்காதவள் என்று அந்தத் தாய் சொன்னதைப் போலச் சொல்லி யாரும் விலகிக்கொள்ள வேண்டாம். வலையைச் சீர்செய்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க எழுத்தறிவு தேவையில்லை. வாசித்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு எந்த வினாத்தாளும் புரியும்.

நான்கு விடையில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் முறையை ஒருமுறை, இருமுறை காட்டினால் போதும். புளியங்கொட்டையை வைத்து விளையாட்டாகவே காட்டலாம். கேள்வியை முழுவதும் வாசித்தபின் விடையைப் பார்க்க வேண்டும், தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், நேரமிருந்தால் திரும்பி வரலாம் என்று சொல்லிக்கொடுங்கள். தேர்வுக்கு முந்தின இரவு பாடம் வேண்டாம். விடியுமுன் வலைக்குக் கிளம்பும் வீடுகளில் விளக்கும் சத்தமும் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்துவிடும். அன்றொருநாள் பாட்டி வீட்டில் படுக்கவைத்தால் தவறில்லை. அரசு தொடக்கப் பள்ளியில் காலை உணவு உண்டு என்றாலும், வீட்டில் ஒரு வாய் கஞ்சி கொடுத்தே அனுப்புங்கள். பிறகு, பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் எத்தனை சரி என்று கேட்காதீர்கள். தெரியாத கேள்வி எதாவது வந்ததா, அது என்ன என்று கேளுங்கள். பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவே உட்கார்ந்து கேள்விகளையும் கேட்டார் என்றுதானே லூக்கா சொல்கிறார்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம் பிள்ளைக்கு வீட்டில்தான் வரும். அந்தச் சிறுமி நான்கு வட்டங்களையும் கறுப்பாக்கியது விளையாட்டல்ல. தவறாகிவிடுமோ என்ற பயம். எதையும் தெரிந்தெடுக்காவிட்டால் திட்டு, தவறாய்த் தெரிந்தெடுத்தாலும் திட்டு. எட்டு வயதில் அவள் கண்டுபிடித்த வழி அது.

தாய் வந்து போன அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சிறுமி கதவுக்குப் பின்னால் நின்றாள். "பாப்பா, அன்னைக்கு உன்னத் திட்டினது தப்பு. ஐயாவ மன்னிச்சிடு" என்றேன். ஒரு போதகர் தன்னிடம் இப்படிச் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவள் தகப்பன் அதைவிட எதிர்பார்க்கவில்லை, எழுந்து நின்றுவிட்டார். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "அப்ப ஃபெயில் இல்லியா?" என்றாள். இல்லை என்றேன். "யாருக்குமே இல்லியா?" என்றாள். யாருக்குமே இல்லை என்றேன். அடுத்த நாள் தம்பியையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். அவனுக்கு இன்னும் பள்ளிக்கூட வயதாகவில்லை.

மாலை வகுப்பு இப்போதும் தாழ்வாரத்தில் நடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும், ஐந்தரை மணிக்கு. வாசிக்க எதாவது ஒரு தாளோடு பிள்ளைகளை அனுப்புங்கள். பொட்டலம் கட்டிவந்த செய்தித்தாளானாலும் சரி. பொன்னேரியில் அச்செடுத்த மாதிரி வினாத்தாள்கள் இன்னும் ஒரு கட்டு மீதமிருக்கின்றன. அவற்றின் வெறும் பக்கங்களில் பிள்ளைகள் படகு வரைந்துகொண்டிருக்கிறார்கள்.